தரக்குறைவு: பழனிமலைப் பளியர் வழக்கில் ஒரு சொல்லின் வரலாறு

தரக்குறைவு என்பது ஒருவரை மதிக்காமல் நடத்துவதைக் குறிக்கப் பளியர் பழங்குடியினர் ஆளும் சொல். பழனிமலைத் தொடரிலும் அதையொட்டித் தெற்கே நீளும் மேற்குத்தொடர்ச்சி மலைச்சாரல்களிலும் இவர்கள் வாழ்கிறார்கள். சொல் புதியதல்ல. சமவெளித் தமிழர் நாள்தோறும் பேசுவதும் எழுதுவதும் இதே சொல்தான். மேடையில் ஒருவர் தரக்குறைவாகப் பேசினார் என்று நாளிதழ் எழுதுகிறது. கடைக்காரர் தரக்குறைவான சரக்கைத் தள்ளிவிட்டார் என்று வாங்கியவர் குறைபடுகிறார். ஆனால் ஒரே சொல் மலையின் அடிவாரத்தில் ஒரு பொருளையும் சரிவில் வேறொரு பொருளையும் கொண்டிருக்கிறது. மரியாதைக்குறைவைச் சுட்டும் பிறமொழிச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்த பிறகு இந்த வேறுபாட்டின் அளவு தெளிவாகும்.

அரண்மனையிலிருந்து வந்த சொற்கள்

நார்வே மொழியில் மரியாதையற்றவனை 'உஹொஃப்லி' என்பார்கள், மரியாதையின்மை 'உஹொஃப்லிஹேத்'. முன்னால் நிற்கும் 'உ' எதிர்மறை. தமிழில் அநீதி, அநாகரிகம் என்பவற்றின் முன்னொட்டைப் போன்றது. எஞ்சிய 'ஹொஃப்லி' நார்வேக்காரர்களின் சொந்தச் சொல் அல்ல, வடஜெர்மன் வணிகர்களின் மொழியிலிருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டில் பெர்கன் துறைமுகத்தில் ஹன்சா வணிகக் கூட்டமைப்பு தனக்கென்று ஒரு குடியிருப்பை வைத்துக்கொண்டு, நார்வேயின் வடகடலில் பிடித்துக் காற்றில் உலர்த்திய மீனை ஐரோப்பா முழுவதும் விற்றது. பணம் வந்த வழியிலேயே சொற்களும் வந்தன. ஸ்காண்டிநேவிய மொழிகளின் அன்றாடச் சொற்களில் பெரும்பங்கு அந்தக் காலத்து வடஜெர்மனிலிருந்து வந்தவை. பண்புப்பெயர் ஆக்கும் 'ஹேத்' என்ற விகுதிகூட இரவல்தான்.

'ஹொஃப்லி' என்பதன் அடி 'ஹோஃப்', அதாவது அரசவை. அரசவைக்குப் பொருந்த நடப்பவன் மரியாதை தெரிந்தவன், அங்கே கால் வைத்துப் பழகாதவன் உஹொஃப்லி. ஆங்கிலத்தின் 'கர்ட்டஸி'யும் 'கோர்ட்' என்ற அரசவைச் சொல்லிலிருந்தே பிறந்தது. எதிர்ப்பக்கத்தில் முரடனைச் சொல்லும் 'பூர்' என்ற ஆங்கிலச் சொல் உழவனைக் குறித்த டச்சுச் சொல்லின் உறவு. 'வில்லன்' பண்ணையில் வேலை செய்த ஆளைக் குறித்து, பின்னர் இழிந்தவனாகி, கடைசியில் திரைப்படத்தில் கதாநாயகனிடம் அடிவாங்கும் நிலைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஹோஃப்' ஆதியில் வேலியிட்ட தொழுவமுற்றம். இன்றைய ஜெர்மனிலும் அது பண்ணை முற்றத்தையும் அரசவையையும் சேர்த்தே குறிக்கிறது. 'கோர்ட்' என்பதன் இலத்தீன் மூலமும் அப்படிப்பட்ட ஒரு முற்றந்தான். மாட்டுக்கொட்டகையருகே பிறந்த சொல் அரண்மனைக்குக் குடிபோனதும் மாடு மேய்ப்பவனை மரியாதை தெரியாதவன் என்றது.

தமிழில் நகரமும் எல்லையும்

தமிழிலும் நிலைமை பெரிதும் மாறுபடவில்லை. நாகரிகம் நகரத்தோடு தொடர்புடைய வடசொல். அநாகரிகம் அதன் எதிர். பட்டிக்காட்டான், நாட்டுப்புறத்தான், காட்டான் என்ற வசைகளில் ஊரின் பெயரே குற்றச்சாட்டாக நிற்கிறது. இவற்றுள் கடைசிச் சொல் மலைவாழ் மக்களை நேராகத் தாக்குவது.

எனினும் பழந்தமிழ் வழக்கில் நாகரிகம் என்ற சொல்லுக்கு நகரவாசம் முதன்மைப் பொருளாக இல்லை. நற்றிணையின் 355ஆம் பாடலும் திருக்குறளின் 580ஆம் குறளும் நண்பர் கொடுத்தால் நஞ்சென்று தெரிந்தும் மறுக்காமல் உண்பவரிடம் இந்தச் சொல்லைச் சேர்க்கின்றன. குறள் இடம்பெறும் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது என்ற இரக்கமே அங்கு நாகரிகம். பிற்காலத்தில் அது நகரத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

மரியாதை என்ற சொல்லும் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் முதற்பொருள் எல்லை அல்லது கரை. கடல் கரையைத் தாண்டாதது போல மனிதன் தனக்கு வகுத்த இடத்தைத் தாண்டாமல் இருப்பது மரியாதை. இழிவு என்பதோ தூய தமிழ். இழிதல் என்றால் இறங்குதல். மட்டம் என்ற சொல்லை இவற்றோடு வைத்துப் பார்க்கலாம். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் சமத்தைக் காட்டும் கருவி. அதே சொல்லை வைத்து 'மட்டமாகப் பேசினான்' என்றால் தாழ்வாகப் பேசினான் என்று பொருள். சமம், தாழ்வு என்ற இரண்டையும் ஒரே சொல் சுமப்பதைத் தமிழர் யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

தரம் என்ற சொல் நிலத்தோடு நெருங்கியது. சோழர் கல்வெட்டுகளில் நிலங்கள் விளைச்சலுக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டன, வரி அதைப் பொறுத்தது. ஆங்கிலேயர் காலத்து ரயத்துவாரி நிலவரித் திட்டமும் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் மண் தரம் என்று ஒரு கலம் உண்டு. தரம் என்றால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வரிசையில் ஒரு படி என்பதே சமவெளியில் நெடுங்காலமாக நின்ற பொருள். முதல் தரம், இரண்டாந் தரம் என்று நிலத்தைச் சொன்ன வாய் மனிதரையும் அப்படிச் சொல்லப் பழகியது. அதற்கென்றே பிறந்ததுபோல் தராதரம் என்று ஒரு சொல்லும் இருக்கிறது. 'தராதரம் தெரியாமல் பேசுகிறான்' என்று ஒருவனைக் கண்டித்தால், யார் மேல் யார் கீழ் என்பதை அவன் கவனிக்கவில்லை என்பதே குற்றம்.

மலையும் மக்களும்

பழனிமலைத் தொடர் மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்ட கிளை. மேல்பழனி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் சோலைக்காடுமாக இருக்கிறது. அதன் விளிம்பில் 1845 முதல் அமெரிக்க மிஷனரிகள் வெயில் காலத்துக்கு வீடு கட்டிக்கொண்டதிலிருந்து கொடைக்கானல் நகரம் வளர்ந்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்கள் உள்ள கீழ்பழனியில் காப்பியும் மலைவாழையும் விளைகின்றன. சுற்றுலாப் பயணி ஏரியையும் தூண்பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். மலையின் முந்தைய மக்கள் பெரும்பாலும் அவர் கார் ஏறிவந்த சரிவுகளின் மடிப்புகளில் இருப்பார்கள்.

அங்கே பலர் உண்டு. குன்னுவர் உழவர், புலையர் பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர். பளியர் காட்டுவள்ளிக்கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் சிறுவிலங்கு பிடித்தும் வாழ்ந்தவர்கள். பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்கு. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகள் வரிசையில் பள்ளெயன், பள்ளியன், பள்ளியர் என்று ஏறக்குறைய ஒரே பெயர் மூன்று முறை தனித்தனி இனமாக இடம்பெற்றுள்ளது. கேட்டவர் காதுக்கு எட்டியபடி எழுதியதன் விளைவு அது.

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் ஏசு சபையினர் 1895இல் கல்லூரி நிறுவினர். அந்தச் சபையைச் சேர்ந்த தாமென் என்ற குரு 1908இல் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் பழனிமலைப் பளியரைப் பற்றி எழுதியது அவர்களைக் குறித்த தொடக்ககால விரிவான பதிவுகளுள் ஒன்று. அடுத்த ஆண்டு எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அக்காலத்து எழுத்துகளின் கண்ணுக்குக் காட்டுவாசிகள் கூச்சமும் அச்சமும் மிகுந்தவர்களாகவே தெரிந்தனர். கூச்சம் என்று பெயர் வைத்தவர்கள் அதைக் கூச்சப்படுபவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை.

கார்ட்னர் கேட்ட சொல்

அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை பளியரிடையே தங்கி ஆய்ந்தார். 1978இல் மீண்டும் வந்தார். அவர் தம் எழுத்துகளில் மையமாக வைத்த பளியர் சொல் தரக்குறைவு. ரோமன் எழுத்தில் அவர் அதைத் 'தரக்கொறவு' என்று ஒலிக்கும்படி பதிவு செய்தார். பிழையல்ல அது. பேச்சுத்தமிழில் முதலெழுத்தில் வரும் உகரம், அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் ஒகரமாகத் தளர்கிறது. குடம் கொடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, குறைவு கொறவாகிறது. மதுரைத் தெருவிலும் அதே ஒலிதான். காட்டுக்குள் கேட்ட சொல்லை அகராதி பார்த்துத் திருத்தாமல் காதில் விழுந்தபடி எழுதினார் என்பது அந்த ஒரு ஒகரத்திலிருந்து தெரிகிறது.

பளியர் வழக்கில் தரக்குறைவு என்பது பிறரைத் தம் மட்டத்திலிருந்து கீழே இறக்குவது. கடுஞ்சொல் சொல்வதும் அதட்டுவதும் அடிப்பதும் அதில் அடங்கும் என்பதில் வியப்பில்லை. கட்டளையிடுவதும் ஒருவர் மேல் தன் விருப்பத்தைத் திணிப்பதும் அதில் அடங்கும் என்பதுதான் சமவெளிக்காரரை நிறுத்தி யோசிக்க வைக்கும். போட்டிபோடுவதும் ஏறக்குறைய அப்படியே, ஏனென்றால் ஒருவர் வென்றால் மற்றவர் ஒரு படி கீழே போகிறார். பெரியவர் சிறுவனுக்கும், கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் அதே மதிப்பைத் தரக் கடமைப்பட்டவர்கள். வயது அதை மாற்றுவதில்லை. கார்ட்னர் 1966இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் இதைச் சமச்சீர் மரியாதை என்றே பெயரிட்டார்.

இந்த மரியாதையைக் காக்கும் வழிகளும் சமவெளிக்குப் பழக்கமில்லாதவை. பஞ்சாயத்து கூட்டித் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. பிறருக்கு ஆணையிடும் அதிகாரம் கொண்ட தலைவரும் இல்லை. இருவருக்குள் கசப்பு முற்றினால் ஒருவர் விலகிப் போய்விடுவார். தம்பதியர் சிறு பிணக்குக்கும் பிரிந்துவிடுவதுண்டு. கிழங்கு தோண்டத் தெரிந்த பெண் உணவுக்காகக் கணவனைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை, அவனும் அவளை அப்படிச் சார்ந்திருப்பதில்லை. சில நேரங்களில் மூன்றாமவர் ஒருவர் தாமாகவே முன்வந்து, நகைச்சுவையாகவோ ஆறுதலாகவோ ஏதாவது சொல்லிச் சூட்டைத் தணிப்பார். அவர் நியாயம் பிரித்துச் சொல்வதில்லை. பிரித்தால் ஒருவரைத் தாழ்த்தியதாகிவிடும் அல்லவா?

பேச்சைப் பற்றிய கார்ட்னரின் குறிப்பு மொழியியலாளர்களிடம் தனிப் புகழ் பெற்றது. பளியர் எப்போதும் குறைவாகவே பேசுகிறார்கள், நாற்பது வயதை ஒட்டி ஏறக்குறைய மௌனிகளாகிவிடுகிறார்கள், வாயாடுபவரை இயல்பு மீறியவராகக் கருதுகிறார்கள், புறம்பேசுவதை அவமதிப்பாக எண்ணுகிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். பேச்சின் பயன் எல்லாச் சமூகங்களிலும் ஒன்றே என்ற எண்ணத்தை மறுக்க டெல் ஹைம்ஸ் இதை எடுத்துக்காட்டினார். அதன்பின் அது பல பாடநூல்களில் ஏறிவிட்டது. ஒரு மக்கள் கூட்டத்தை மௌனிகள் என்று ஒரே வரியில் சொல்வது மிகையோ என்ற ஐயம் நியாயமானது. வெளியாள் முன்னிலையில் எவரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் தரக்குறைவு என்ற சொல்லோடு சேர்த்துப் படித்தால் குறிப்பு அர்த்தமுடையதாகிறது. அதிகம் பேசுபவர் எந்நேரமும் யாரையாவது எடைபோட்டுக்கொண்டிருக்க நேரும்.

இரு மரியாதைகள் சந்திக்கும் இடம்

இங்கே சொல் முற்றிலும் திரும்பி நிற்கிறது. தராதரம் பார்க்கத் தவறுவது சமவெளியில் மரியாதைக்கேடு. தராதரம் பார்ப்பதே பளியரிடம் மரியாதைக்கேடு. நார்வேச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் தமிழின் நாகரிகமும் ஏதோ ஓர் உயர்ந்த இடத்தில் நின்றுகொண்டு கீழே இருப்பவரை அளக்கின்றன. பளியரின் தரக்குறைவில் அந்த உயர்ந்த இடமே இல்லை. இருவர் சமமாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் அது தொடங்குகிறது. இத்தனைக்கும் அவர்கள் புதுச்சொல் எதையும் உண்டாக்கவில்லை. நிலத்துக்கு வரி கணக்கிட்ட சொல்லையே எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இதன் விளைவு சொல்லாராய்ச்சியோடு நிற்பதில்லை. தோட்ட மேஸ்திரியோ வன ஒப்பந்தக்காரரோ அதட்டினால் பளியர் எதிர்த்துப் பேசாமல், காரணமும் சொல்லாமல், இடத்தை விட்டுப் போய்விடக்கூடும். மேஸ்திரியின் பார்வையில் சொல்லாமல் போவது மரியாதைக்கேடு, நன்றிகெட்டதனம், பொறுப்பின்மை. போனவரின் பார்வையில் அதட்டியவர்தான் எல்லையை மீறியவர். திருப்பி அதட்டித் தானும் அதே தவற்றைச் செய்யாமல் விலகியதே கண்ணியம். இருவரும் மற்றவருக்கு மரியாதை தெரியாது என்றுதான் நினைத்துப் பிரிகிறார்கள். ஆனால் கூலிக்கணக்குப் புத்தகம் இருப்பது ஒருவர் கையில் மட்டுமே. ஊர் நம்புவதும் அவர் சொல்லும் கதையைத்தான்.

ஸ்வீடன் மானிடவியலாளர் கிறிஸ்தர் நோர்ஸ்த்ரம் பழனிமலைப் பளியரைப் பற்றி 2003இல் வெளியிட்ட நூல் இந்தச் சந்திப்பையே ஆராய்கிறது. 'அவர்கள் எங்களை அழைக்கிறார்கள்' என்பது தலைப்பின் பொருள். ஒப்பந்தக்காரர், தோட்ட முதலாளி, வனத்துறை, தொண்டு நிறுவனம் என்று அழைப்பவர் பலர். ஒருவரிடமே கட்டுப்பட்டுவிடாமல் தம் தன்னுரிமையைப் பளியர் எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்பது நூலின் கேள்வி. கார்ட்னரின் பளியர் காட்டுக்குள் விலகுகிறார்கள் என்றால், நோர்ஸ்த்ரமின் பளியர் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நின்றுகொண்டே விலகக் கற்றவர்கள். அவருடைய தாய்நாட்டு மொழியிலும் மரியாதையற்றவனைச் சுட்ட, நார்வேச் சொல்லின் உடன்பிறப்பான அரசவைச் சொல் ஒன்று இருக்கிறது.

சட்டமும் அவமதிப்பை அறியும். 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் மீதான வன்கொடுமைகள் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. பிறர் பார்வை தேவை என்பது சட்டத்தின் நிபந்தனை. காப்பித் தோட்டத்தின் நடுவில் இருவர் மட்டும் இருக்கும்போது நிகழும் தரக்குறைவு அந்த வரையறைக்குள் எளிதில் வராது. பளியர் அளவுகோலிலோ இருவர் இருந்தாலே போதும்.

மாறிய வாழ்விடம்

இந்தச் சமத்துவம் எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சமவெளியின் நெருக்குதலுக்கு ஒதுங்கிவந்த மக்களின் தற்காப்பாகக் கார்ட்னர் தொடக்கத்தில் இதை விளக்கினார். பின்னர் 1991இல் உலகின் பல வேட்டை–சேகரிப்புச் சமூகங்களின் தன்னுரிமைப் பற்றை ஒப்பிட்டு, தரப்பட்ட விளக்கங்கள் பலவற்றையும் எடைபோட்டார். ஒதுங்கியதால் சமமானார்களா, சமமாக இருந்ததால் ஒதுங்கினார்களா என்பது கோழி–முட்டைக் கேள்வியாகத் தெரியலாம். ஆனால் முதல் விடையை ஏற்றால் பளியர் பண்பாடு சமவெளியின் நிழலாகச் சுருங்கிவிடும். அவர்கள் தாமாகத் தேர்ந்தது எதுவுமில்லை என்றாகிவிடும். தரக்குறைவு என்ற சொல் இரண்டாவது விடைக்கே கொஞ்சம் வலுச் சேர்க்கிறது. ஓடுபவன் பயத்துக்குப் பெயர் வைப்பான். இவர்கள் பெயர் வைத்திருப்பது ஒரு தவற்றுக்கு, அந்தத் தவறு தங்களுக்குள்ளேயே நிகழக்கூடியது என்று தெரிந்து.

இன்றைய சிக்கல் வேறு. விலகிப்போவதற்கு இடம் வேண்டும். தோட்டங்கள் பெருகி, காட்டின் பகுதிகள் காப்பகங்களாகி, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமும் 2013இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. பளியர் பலர் நிலையான குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். சண்டையிட்ட அயலாரின் வாசலைக் கடந்துதான் மறுநாளும் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். கார்ட்னர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, புதிதாக ஓரிடத்தில் குடியமர்ந்த பளியரிடையே மரியாதையும் வன்முறையின்மையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பற்றியது. சச்சரவுகள் இருந்தன, அவை பெரும்பாலும் கைகலப்பாக வளரவில்லை. யாரேனும் ஒருவர் நடுவில் புகுந்து பேச்சைத் திருப்பினார், அல்லது சச்சரவிட்டவருள் ஒருவர் சில நாட்கள் வேறு உறவினர் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தார்.